போகாத கறை

அன்று காலையிலிருந்தே அவள் ஆய்வகத்தைவிட்டு நகரவில்லை. பதினோரு மணிக்கு மதிப்பீட்டாளர் வருகிறார். போன தடவையே அந்த மனிதர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்தான் இருக்கிறதே, அதில் கார்பன் நானோகுழாய் என்று கரித்தூளை எதற்குக் கலக்கிறாய், அது சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று. இன்று பதில் சொல்லாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சியும் போச்சு, வேலையும் போச்சு.

மேசையில் இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றில் வெறும் பிளாஸ்டிக் பூச்சு, இரண்டாவதில் நானோகுழாய் கலந்த பூச்சு. இரண்டும் பச்சை. எதில் இணைத்தாலும் குட்டி விளக்கு ஒரே மாதிரி எரிந்து தொலைத்தது, அதுதான் அவளுக்குத் தலைவலி.

மறந்துபோன சாப்பாட்டைக் கொண்டுவந்த கணவர், அவள் மதிப்பீட்டாளரை அழைத்துவரப் போன ஐந்து நிமிடம் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? நிலைக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷம். ஒரு பையில் துணி, மறு பையில் கண்ணாடி துடைக்கும் திரவம் நிரப்பிய தெளிப்பான். கண்ணாடியில் அழுக்கைக் கண்டால் கை பரபரக்கும்.

அவள் மதிப்பீட்டாளரோடு திரும்பி வந்தபோது இரண்டு துண்டுகளும் நீலமாக இருந்தன.

"எவ்வளவோ தேய்ச்சுப் பாத்துட்டேன். நிறந்தான் மாறுது, கறை போகமாட்டேங்குது" என்றார் கணவர், தொழிலுக்கே இழுக்கு வந்துவிட்ட முகத்தோடு.

அவளுக்கு அழுகை முட்டியது. அந்தத் திரவத்தில் அம்மோனியா. பிளாஸ்டிக்கில் இருக்கும் அமிலத்தை அது பிடுங்கிவிடும், அமிலம் போனால் மின்சாரம் ஓடாது. உங்களை யார் துடைக்கச் சொன்னது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மதிப்பீட்டாளரோ நேரமாகிறது, இணைத்துக் காட்டு என்றார்.

முதல் துண்டில் விளக்கு எரியவே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதில் இணைத்தாள். விளக்கு கொஞ்சம் மங்கலாக எரிந்தது. எரிந்தேவிட்டது!

மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்தார். "பிளாஸ்டிக்தான் செத்துப்போச்சே. அப்புறம் யார் மின்சாரத்தைக் கொண்டுபோறது?"

"நீங்க சொன்ன கரித்தூள்தான் சார்."

அவர் இன்னொரு தடவை தானே இணைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இவ்வளவு அருமையான சோதனையை யோசித்தது யார் என்று கேட்டார். அவள் சந்தோஷத்தோடு கணவரைக் கைகாட்டினாள்.

கணவர் கூச்சத்தோடு தெளிப்பானை எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க சார், ஒரு பத்து நிமிஷம் குடுங்க. அந்த ரெண்டாவதையும் அணைச்சுக் காட்டிடறேன்."