நீலக் காற்றாடிக் கமிட்டி

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் முன்புறப் புல்வெளியில் நீல நிறக் காற்றாடிகளை நட்டு வைப்போம். குழந்தைகளை அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது என்று ஊருக்கு நினைவூட்டுவதற்கான ஏற்பாடு அது. அமெரிக்காவில், அயோவாவின் வடமேற்கு மூலையில் காற்றுக்குக் குறைவில்லை. காற்றாடிகள் நன்றாகவே சுற்றும். அவை சுற்றுவதைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட திருப்தியோடு நாங்கள் வீட்டுக்குப் போவோம்.

இதற்கென்று ஒரு கமிட்டி உண்டு. தலைமையாசிரியர் லோவல், மாணவர் ஆலோசகர் டானெட், இரண்டாம் வகுப்பு ஆசிரியை யூனிஸ், ஆக மூன்று பேர். காற்றாடிகளுக்குப் பணம் தருபவர் டிர்க் வாண்டர்லான். பள்ளியை நிர்வகிக்கும் வாரியத்தின் தலைவர் அவர்தான். ஊர் எல்லையில் நிற்கும் தானியக் கிடங்கு அவருடையது. உடற்பயிற்சிக் கூடத்தில் தொங்கும் ஸ்கோர் பலகையும் அவர் வாங்கிக் கொடுத்தது. அதில் புள்ளிகளைவிட அவருடைய பெயர் பெரிதாக எரியும். மனைவி பிரிந்து போய்விட்டாள். ஒரே மகள் மரீக்கா, எட்டு வயது, யூனிஸின் வகுப்பில் படித்தாள். நான் மார்னா, இசை ஆசிரியை. எனக்குக் கமிட்டியில் இடமில்லை. காற்றாடி நடும் அன்று குழந்தைகளைப் பாட வைப்பது மட்டும் என் வேலை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் இருக்காது. ஒரு குழந்தைக்கு வீட்டில் கொடுமை நடக்கிறது என்று ஓர் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால், அவரே மாநிலத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு ஒரு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். சந்தேகமே போதும், சாட்சி தேவையில்லை. மேலதிகாரியிடம் சொன்னேன் என்பது கணக்கில் சேராது. கூப்பிட்டவர் பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது. இவ்வளவுதான். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் படித்தவர்கள் என்பதால் எங்களுக்கு இதற்குக் கணினியில் இரண்டு மணி நேரப் பயிற்சி. முடிவில் ஒரு தேர்வு. டானெட் முதலில் எழுதிவிட்டு, எலுமிச்சைக் கேக் துண்டுகளோடு சேர்த்து விடைகளையும் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் பரிமாறுவாள்.

“இந்தக் கடமைய இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கலாமான்னு ஒரு கேள்வி வரும். ‘கூடாது’ன்னு போட்டுருங்க,” என்றாள் கேக்கை மென்றுகொண்டே.

எல்லாரும் ‘கூடாது’ என்று போட்டோம். எல்லாருக்கும் முழு மதிப்பெண். லோவல் தன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, மேசைக்குப் பின்னால், தான் பிடித்த மீனின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்.

லோவலுக்குக் கூப்பிடவே தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போன ஜனவரியில் வான்கோழி ஆலையில் இரவு வேலை பார்க்கும் ஒடிலியாவின் மகன் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கு வந்தான். எங்கள் பண்ணைப் பையன்களில் பாதிப் பேர் பனியிலும் அரைக்கால் சட்டைதான் போடுவார்கள். குளிரவில்லை என்று காட்டுவது அவர்களுக்கு வீரம். குவாத்தமாலாவிலிருந்து வந்த இந்தப் பையனும் அவர்களைப் பார்த்துச் செய்தான். பண்ணைப் பையன்களைப் பார்த்து லோவல் சிரித்தார். இவனைப் பார்த்ததும் முதல் மணி அடிக்கும் முன்பே உதவி எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அந்த எண்ணை அவருடைய மேசைத் தொலைபேசியில் ஒரே பொத்தானில் பதிந்தும் வைத்திருந்தார். ஓர் அதிகாரி ஒடிலியாவின் வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார். பெட்டி நிறையச் சாப்பாடு இருந்தது, அலமாரியில் இரண்டு கம்பளிக் கோட்டுகள் தொங்கின. கதை அதோடு முடிந்தது. ஒடிலியா அதற்குப் பிறகு பள்ளி வாசல் பக்கமே வருவதில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் பெரிய வெள்ளி. அதன்பின் ஈஸ்டர், திங்களும் விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் வகுப்புக்கு இசை நேரம். காற்றாடிப் பாட்டில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்ற வேண்டும். மரீக்காவின் வலது கை தோளைத் தாண்டவில்லை. இன்னொரு முறை தூக்கச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். சட்டைக் கை வழுக்கி இறங்கியது. மேல் கையில் வரிசையாகக் கன்றிய தடங்கள். சில பழுத்து மஞ்சளாகிவிட்டன, சில புதிதாக ஊதா நிறத்தில் இருந்தன. ஒவ்வொரு வரியின் நுனியிலும் சதுரமாக ஓர் அச்சு. பெல்ட்டின் கொக்கி.

மற்ற பிள்ளைகள் போனபின் அவளை நிறுத்திக்கொண்டேன். நான் எதுவும் கேட்கும் முன் அவளே பேசினாள்.

“மிஸ், மூணு மணிக்கு அப்பா வர்றாரு. காத்தாடிப் பெட்டியெல்லாம் எடுத்துட்டு வர்றாரு.”

“சரிடா கண்ணு.”

“நான் இங்கயே இருந்துக்கவா? பியானோவுக்கு அடியில. ஸ்கூல் திறக்குற வரைக்கும் சத்தமே போட மாட்டேன்.”

அவளைப் பியானோவுக்கு அடியில் ஒரு மெத்தைத் துண்டில் உட்கார வைத்தேன். எதிர் அறை ஆசிரியையை அவளோடு இருக்கச் சொன்னேன். இசை அறை நிலவறையில் இருக்கிறது. கைபேசிக்கு அங்கே உயிர் வராது என்று நான் அதைப் பள்ளிக்குக் கொண்டுவருவதே இல்லை. மாடியேறி லோவலின் அறைக்குப் போனேன். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

உள்ளே காற்றாடிக் கமிட்டி கூடியிருந்தது. இந்த ஆண்டு காற்றாடிகளை வட்டமாக நடுவதா இதய வடிவில் நடுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டானெட் இதயம் என்றாள். புல் வெட்டுபவனுக்குக் கஷ்டம் என்றார் லோவல்.

“போன் வேணும், லோவல். மாநில உதவி எண்ணுக்குப் பேசணும்,” என்றேன். பார்த்ததையும் சொன்னேன்.

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் என்னை முதலில் தைத்தது. யூனிஸ் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். லோவல் தொலைபேசியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், தூங்கும் பூனையைத் தடவுவதுபோல.

“உட்காருங்க மார்னா. மூச்சு விடுங்க. நாம டிர்க்கப் பத்திப் பேசிட்டிருக்கோம்.”

“நான் மரீக்காவப் பத்திப் பேசிட்டிருக்கேன்.”

“அவங்க வீட்ல குதிரை இருக்கு. கீழ விழுந்திருக்கலாம்ல?”

“பெல்ட் கட்டுன குதிரையா?”

டானெட் தொண்டையைச் செருமினாள். “மார்னா, இது ஏற்கனவே போயிருச்சும்மா. யூனிஸ் பிப்ரவரியிலயே சொல்லிட்டாங்க.”

“யார்கிட்ட சொன்னாங்க?”

“என்கிட்ட,” என்றாள் டானெட், கொஞ்சம் பெருமையாகவே.

“நீ?”

“நான் அன்னிக்கே லோவல்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கே.”

லோவலைப் பார்த்தேன். அவர் டானெட்டைப் பார்த்தார்.

“டானெட் சொன்னப்போ, அவங்களே கூப்பிட்டுட்டு எனக்குத் தகவலுக்காகச் சொல்றாங்கன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்,” என்றார்.

“நீங்க கூப்பிடுவீங்கன்னுல்ல நான் நினைச்சேன்,” என்றாள் டானெட்.

“நான் டானெட்கிட்ட சொன்னதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்தேன்,” என்றாள் யூனிஸ். “அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைய ஜன்னல் பக்கம் மாத்தி உட்கார வெச்சேன். வெளிச்சம் நல்லா இருக்கும்னு.”

மூன்று பேருக்கும் அதே கேள்வியில் முழு மதிப்பெண். பிப்ரவரியிலிருந்து மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அந்தக் குழந்தையை இன்னொருவர் மடியில் இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு கனமான அலமாரியை மாடிக்கு ஏற்றும்போது அடுத்தவன் தூக்குகிறான் என்று எல்லாரும் கையை மட்டும் ஒட்டி வைத்திருப்பார்களே, அப்படி. அலமாரி நடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

“சரி, இப்பவாவது கூப்பிடுவோம்,” என்றேன்.

“கூப்பிடணும். யாரு வேணாம்னா?” என்றார் லோவல். “முறையாச் செய்வோம்ங்கிறேன். நாலு பேரும் ஒரு குழுவா யோசிப்போம். வாரியத்து வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன். ஈஸ்டர் முடியட்டும். செவ்வாய்க்கிழமை புதுசா ஆரம்பிப்போம்.”

“வக்கீலுக்குச் சம்பளம் யார் கையெழுத்துல போகுது?”

வாரியத் தலைவர் கையெழுத்துதான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

“அந்த மனுஷன் பெரிய வெள்ளி அன்னிக்குச் சர்ச்ல பைபிள் வாசகம் படிக்கிறாரு, மார்னா,” என்றாள் யூனிஸ் மெதுவாக. “ஊர்ல என்ன பேசுவாங்க?”

“ஒடிலியா வீட்டுக்கு ஆள் போனப்போ ஊர் என்ன பேசுச்சுன்னு கேட்டீங்களா?”

“அது வேற,” என்றார் லோவல்.

“எப்படி வேற?”

“அது… நமக்கு அவங்களத் தெரியாது.”

வாழ்க்கையில் லோவல் ஒளிவுமறைவில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு அவருக்கே கூசியிருக்க வேண்டும். கைக்குட்டையை எடுக்கக் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டார். தொலைபேசி தனியாக நின்றது. ஜனவரியில் அவர் தட்டிய அதே பொத்தானைத் தட்டினேன், ஒலிபெருக்கியையும் போட்டேன். அறை முழுக்க மணி அடித்தது.

“மார்னா, என் அறையில இருந்து…” என்று ஆரம்பித்தார். அதற்குள் மறுமுனையில் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. லோவல் வாயை மூடிக்கொண்டார். அதிகாரிகள் கேட்கும்போது மரியாதையாக இருக்க அவருக்குத் தெரியும்.

என் பெயர், வேலை, குழந்தையின் பெயர், பார்த்தது, குழந்தை சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குரல் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. பிறகு கேட்டது:

“இந்த விஷயம் தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா மேடம்?”

அறையில் மூன்று தலைகள் ஒரே நேரத்தில் இடமும் வலமும் ஆடின. ஓர் ஒத்திகைகூட இல்லாமல் அவ்வளவு சுருதி சேர்ந்ததை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை.

“இருக்காங்க,” என்றேன். “வகுப்பு ஆசிரியைக்கு பிப்ரவரியிலருந்து தெரியும். ஆலோசகருக்கு அதே நாள்லருந்து. தலைமையாசிரியருக்கும் அதே நாள்லருந்து. மூணு பேரும் என் எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க. பேசச் சொல்லட்டுமா?”

“பேசச் சொல்லுங்க,” என்றது குரல்.

யூனிஸ் முதலில் பேசினாள். பேசும்போது அழுதாள். தவறாக நினைக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பாள். டானெட் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள், பரிசு வாங்கப் போகிறவள்போல. லோவல் “நாங்க ஒரு குழுவாச் செயல்படறதுதான் வழக்கம்” என்று தொடங்கினார். “நீங்க எப்போ கேள்விப்பட்டீங்க சார்?” என்று குரல் குறுக்கே வந்தது. அவர் தேதியைச் சொல்ல வேண்டியதாயிற்று.

“அப்பா எப்ப வர்றாரு?” என்று கடைசியாகக் கேட்டது குரல்.

“மூணு மணிக்கு.”

“குழந்தை இப்ப இருக்குற இடத்துலயே இருக்கட்டும். ஆள் வர்றாங்க.”

ஷெரிப் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் காவலர் வந்தார். அவரோடு குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஓர் இளம்பெண். பின்வாசல் வழியாக இசை அறைக்கு அழைத்துப் போனேன். மரீக்கா பியானோவுக்கு அடியில்தான் இருந்தாள். அவளை வெளியே வரச் சொல்லாமல் காவலர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இளம்பெண் முழங்காலிட்டு உள்ளே தலையை நீட்டினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து மரீக்கா வெளியே வந்தாள்.

“மிஸ், சித்தி வீட்டுக்குப் போறேன். அங்கயும் பியானோ இருக்காம்,” என்றாள்.

பின்வாசலில் கார் கிளம்பியபோது முன்வாசலில் டிர்க்கின் வண்டி வந்து நின்றது. பின்பக்கம் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒரு பெட்டி பிரிந்து, நாலைந்து நீலக் காற்றாடிகள் வெளியே தலைநீட்டி மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் இன்னொரு காவலர் வண்டி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“என் பொண்ணு எங்க?” என்றார்.

லோவல் படியிறங்கிப் போனார். பிப்ரவரியிலிருந்து ஒரு பொத்தானைத் தட்ட வராத கை, இப்போது நீண்டு என்னைக் காட்டியது.

“மார்னாதான் கூப்பிட்டாங்க, டிர்க். எங்களுக்கு இதுல சம்பந்தமில்ல.”

கூப்பிட்டவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதும் தேர்வில் வந்த கேள்விதான். அதிலும் அவருக்கு முழு மதிப்பெண். கமிட்டி இல்லாமல், வக்கீல் இல்லாமல், செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல் லோவல் உடனடியாகச் செய்த காரியம் அந்த ஒன்றுதான்.

“ஆமா, நான்தான்,” என்றேன்.

டிர்க் என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். காவலர் வண்டியின் கதவு திறந்தது. அவர் நின்றார். காவலர் அவரைத் தனியே அழைத்துப் பேசத் தொடங்கினார். டிர்க் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். அந்தக் கை பெல்ட்டின் மேல் இருந்தது. கொக்கி சதுரமாகத்தான் இருந்தது.

லோவல் வண்டியருகே போனார். பிறகு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், டிர்க்கின் முதுகுக்குப் பின்னால், பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புல்வெளி ஓரத்தில் அடுக்க ஆரம்பித்தார். டானெட்டும் வந்து ஒரு கை கொடுத்தாள். இதய வடிவத்துக்கு இத்தனை போதுமா என்று அவள் மெல்லிய குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காற்றாடிகளை நட்டார்கள். என் பிள்ளைகள் பாடவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்குமா என்று கேட்டார் லோவல். எல்லாருக்கும்தான் என்றேன்.