மத்தியானத்து லக்கினம்

மொட்டை மாடியில் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்த லீலாவதிக்கு, பின்னால் நிற்கும் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரும்பாமலேயே கேட்டாள்.

"ஏன்டி, சளியா, அழுகையா?"

"அத்த, ஒரு பொண்ணோட கல்யாணத்த நான் கெடுத்துட்டேன்."

லீலாவதி பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடிப்பாவி! யாரு மாப்பிள்ள? அவன எப்ப பாத்த நீ?"

"அய்யோ, அது இல்ல அத்த. மெஷினு."

"மெஷினா கெடுத்துச்சு?"

"மெஷின நான் கெடுத்தேன். மெஷினு கல்யாணத்தக் கெடுத்துச்சு."

"ஒக்காரு. மொதல்லேருந்து சொல்லு. மெதுவா பேசு, ஒங்க மாமா கீழ இன்னும் முழிச்சிருக்காரு."

சிந்தாமணிக்குப் பதினேழு வயது. சொந்த ஊர் மீன்சுருட்டி. ப்ளஸ் டூ முடித்து, திருச்சியில் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பெரம்பலூரில் தாய்மாமன் பாலசுந்தரம், அத்தை லீலாவதி வீட்டில் தங்கி, மாமாவின் கடையில் மெஷின் ஓட்டுகிறாள். மாமா முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். ஜாதகத்தைப் பார்த்துப் பலன் சொல்வார்; கணிக்கத் தெரியாது. போன வருஷம், எண்பத்தெட்டில், மெட்ராசிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் 'பிழையே வராத கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிவிட்டார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டிவிட்டால் போதும். மெஷின் கணக்குப் போடும்; பிரிண்டர் கறகறவென்று கட்டம் அடித்துத் தள்ளும்.

குறை ஒன்றுதான். மெஷின் ஆமை. அது ஒரு ஜாதகம் கணிப்பதற்குள் வந்தவர் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். சித்திரை பிறந்து கல்யாணப் பேச்சு சூடு பிடித்ததும் கூட்டம் சந்து முனைவரை நின்றது. "என்னங்க, ஒங்க மெஷினு பஞ்சாங்கத்த எழுத்துக் கூட்டிப் படிக்குதா?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்ததில் மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அதற்கு முன்பு கீபோர்டு சரிசெய்ய வந்த திருச்சி மெக்கானிக், மூடியைக் கழற்றியபோது உள்ளே மாத்திரை அளவில் பளபளவென்று ஒரு தகர டப்பாவைக் காட்டியிருந்தான். அதற்குப் பெயர் கிரிஸ்டல். "இதாம்மா மெஷினுக்குத் தாளம் போடுது. பன்னெண்டு நம்பரு. பதினாறு நம்பரு போட்டா குதிர மாதிரி ஓடும். ஆனா மத்த சிப்பெல்லாம் அந்த ஓட்டத்தத் தாங்குமான்னு நான் சொல்ல மாட்டேன்."

சிந்தாமணி திருச்சித் தோழியிடம் சொல்லி பதினாறு நம்பரை வரவழைத்தாள். மாமா வெளியே போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினாள். மெஷின் பறந்தது. அன்று காலையில்தான் மாமா கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, அதன் தலைமேலேயே ஒரு பழத்தை வைத்திருந்தார். "பாத்தியா சிந்தா, திருஷ்டி கழிஞ்சதும் என்னா வேகம்!" என்று அவர் பூரித்துப் போனதும், நான்தான் மாத்தினேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு மத்தியான வேளையில் திரை அப்படியே உறைந்து நிற்க ஆரம்பித்தது. வோல்டேஜ் என்று நினைத்தாள்; ஸ்டெபிலைசர் முள் ஆடவே இல்லை. ஃபிளாப்பியை மாற்றிப் பார்த்தாள். கடைசியில், நின்றால் அணைத்துப் போடுவது என்று பழகிவிட்டாள்.

"நிக்கிறது மட்டும்தான்னு நெனச்சேன் அத்த. தப்பாவும் கணக்கு போடும்னு தெரியல."

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் கொளஞ்சி, மகள் ஜெயலட்சுமிக்கு ஜாதகம் எடுக்க வந்ததும் ஒரு மத்தியானம்தான். விருச்சிக லக்கினம், எட்டில் செவ்வாய் என்று வந்தது. கடுமையான தோஷம் என்றார் மாமா. கொளஞ்சி தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். ஊரில் கையால் எழுதியதில் தோஷம் எதுவும் இல்லையாம். "அத எழுதுனவருக்குக் கண்ணு மங்கலுங்க. மெஷினுக்குக் கண்ணு மங்குமா?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் மறைக்க மனசில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் போய்ச் சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முகம் சிந்தாமணியை விடவில்லை. இன்று காலை கடை திறந்ததும் ஜெயலட்சுமியின் தேதியையும் நேரத்தையும் மறுபடி தட்டினாள். துலாம் லக்கினம். செவ்வாய் ஒன்பதில், தோஷமே இல்லை.

லீலாவதி தலையணையைத் தட்டிப் போட்டாள். "காலையில சொன்னது சரியா, மத்தியானம் சொன்னது சரியா?"

"தெரியல அத்த. பயமா இருக்கு."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டு அழு. இப்ப படு."

மறுநாள் மாமாவைச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வரும்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லீலாவதி கடைக்கு வந்து முன்கதவைச் சாத்தினாள். காலையிலிருந்தே சிந்தாமணி, வந்தவர்களின் ஜாதகங்களுக்கு நடுவே, ஜெயலட்சுமியின் தேதியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் துலாம். வெயில் மேற்கே சாயச் சாய, துலாம் விருச்சிகமாயிற்று. அடுத்த தடவை மீனம். அதற்கடுத்து திரை உறைந்தது.

"என்னாடி இது, பொறந்த பொண்ணு ஒண்ணு, லக்கினம் மூணா?" என்றபடி லீலாவதி மெஷினுக்குப் பின்னால் கையை விட்டவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். "அடேங்கப்பா! அடுப்புச் சொவரு மாரி கொதிக்குது."

ஜாதகம் சொல்லும் மெஷின் கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று மாமா அதை மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். மத்தியானம் முழுக்க வெயில் காயும் சுவர் அது. உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி, அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு சுற்றியது.

இருவருமாக மெஷினை முன்னால் நகர்த்தினார்கள். மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் துலாம் திரும்பி வந்தது. மூடியைப் போட்டு மறுபடி சுவரோடு தள்ளினார்கள். விருச்சிகம்.

லீலாவதி அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொவரு மேலயே பழியப் போட்டுரலாமா?"

சிந்தாமணி பிளக்கைப் பிடுங்கினாள். பதினாறைக் கழற்றி, பன்னிரண்டைச் செருகி, மூடியைப் போட்டு, மெஷினை அந்தக் கொதிக்கும் சுவரோடே ஒட்டி வைத்துத் தட்டினாள். ஆமை நடை. துலாம். மறுபடி தட்டினாள். துலாம். வெயில் இறங்கும்வரை தட்டினாள், துலாம் அசையவில்லை.

"இல்ல அத்த. சொவரு முன்னயும் இப்படித்தான சுட்டுச்சு. அப்ப தப்பு வரல. நான்தான்."

கதவைத் தட்டிக்கொண்டு வந்த மாமாவிடம் அவளே சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் தலையைப் பார்த்தார்.

"அப்ப எலுமிச்சம்பழம்?"

"அது சும்மா ஒக்காந்திருந்துச்சு மாமா."

லீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. "மெஷினு தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா, நாளைக்கு எவன் வருவான் இந்தக் கடைக்கு?"

"எட்டுல செவ்வாய்ன்னு கொளஞ்சி நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல போய்ச் சொல்லிட்டாருன்னா, அந்தப் புள்ளய எவன் வந்து கட்டுவான்?" என்றாள் லீலாவதி.

நாளைக்கு ஞாயிறு. மாமா எழுந்து புதிய ஜாதகத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். "வா புள்ள. அரியலூர் பஸ்ஸு நிக்குது."

கொளஞ்சி லாரியைக் கழுவிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா சொன்னதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "என்னங்க வெளாடுறீங்களா? காலையில ஒரு லக்கினம், மத்தியானம் ஒரு லக்கினம்னா தக்காளி வெலையா அது?"

மாமா வாயைத் திறப்பதற்குள் சிந்தாமணி முன்னால் வந்தாள். "மாமா மேல தப்பில்லைங்க. நான்தான் யாருக்கும் தெரியாம மெஷின வெரட்டி ஓட்டுனேன். தாங்காத வேகம். ஒங்க லாரியில ஓவர்லோடு ஏத்தி வெயில்ல வெரட்டுனா என்ன ஆவுமுங்க?"

"இஞ்சின் சூடாவும். நின்னு போவும்." கொளஞ்சி அவளை உற்றுப் பார்த்தார். "ஆனா பாப்பா, லாரி நின்னுதான் போவும். தப்பான ஊருக்குப் போவாது."

"இது போயிருச்சுங்க," என்றாள் சிந்தாமணி. "நின்னிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்."

உள்ளே கதவோரம் நின்றிருந்த ஜெயலட்சுமி, யாரும் கேட்காமலே போய், கையால் எழுதிய பழைய ஜாதகத்தை எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்தாள். கொளஞ்சி இரண்டையும் லைட்டுக்குக் கீழே பிடித்துக் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் துலாம். இரண்டிலும் செவ்வாய் ஒன்பதில். அவர் தோள் இறங்கியது.

"அப்ப நாளைக்கு நான் போறதுக்கு வேலயே இல்ல," என்றார். ஜெயலட்சுமி உள்ளே திரும்பிக்கொண்டாள்; முகம் தெரியவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பியவர்களைக் கொளஞ்சி வாசலில் நிறுத்தினார். "சரிங்க, எனக்கு வந்து சொல்லிட்டீங்க. என்னோட வரிசையில நின்னாங்களே, மத்தவங்களுக்கு?"

பெரம்பலூரில் இறங்கியதும் மாமா நேராகக் கடைக்குப் போய், போர்டுக்குக் கீழே ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். சித்திரையில் ஜாதகம் வாங்கியவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரவும், மறுபடி கணித்துத் தரப்படும் என்று அவரே எழுதினார். மெஷினைச் சுவரைவிட்டு நகர்த்தியும் வைத்தார், கிழக்கே பார்த்துத்தான்.

திங்கட்கிழமை வரிசை சந்து முனையைத் தாண்டியது. திட்டு, கிண்டல், டீக்கடைக்காரனுக்கு நல்ல யோகம். மெஷின் ஆமை போல் நடந்தது. முதலில் நின்ற ஆண்டாயி, மகனுக்காக வாங்கிய ஜாதகத்தை மேசைமேல் நீவி வைத்துவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"ஏம்மா, நல்லதா மாறுமா?"

"நல்லதா மாறுமான்னு தெரியாதுங்க. சரியா வரும்," என்றாள் சிந்தாமணி. "ஒக்காருங்க, நேரமாவும்."