சிந்தாத டீ

கெடார் பச்சைமுத்துவின் பழைய காரில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றியவன் விழுப்புரம் மெக்கானிக் முருகையன். அதைத் தாங்கும் நான்கு மவுண்டிங்கையும் அவனே அடித்தான். இரும்பு மேல் இரும்பு உட்கார்ந்தால்தான் பிடிப்பு என்பது அவன் கட்சி. வண்டி உதறியது. உதற உதற நட்டை இன்னும் முறுக்கினான். வெறுத்துப்போன பச்சைமுத்து, வண்டியைத் திண்டிவனம் மெக்கானிக் மாசிலாமணியிடம் கொண்டுபோய்விட்டார்.

இன்று அதே கார் முருகையனின் பட்டறை வாசலில் வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீயைப் பானெட்டின் மேல் வைத்துப் பார்த்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வயிறு எரிந்தது. குறை கண்டுபிடிக்க வண்டிக்கு அடியில் புகுந்தான். அவன் அடித்த அதே நான்கு இரும்புகள்தான் இருந்தன. நடுவில் மட்டும் பழைய லாரி டயரில் அறுத்த ரப்பர் துண்டுகள்.

"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு புதுசா அடிக்கச் சொன்னேன்பா," என்றார் பச்சைமுத்து. "மாசிலாமணிதான், இம்மாம் நல்ல வேலைய எறிய மனசு வர்லன்னு சொல்லிட்டாரு."

எறிந்து தொலைத்திருந்தால் நாலு பேரிடம் மாசிலாமணியைத் திட்டியாவது முருகையன் ஆறியிருப்பான். பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை.