மூன்று வோல்ட்

அடுத்த தெரு மெக்கானிக்கின் மூன்று விரல்கள் நேற்று மாலையிலிருந்து மாவுக்கட்டில் இருந்தன. அதற்குக் காரணமான பொருள் இப்போது இவளுடைய மாடி ரிப்பேர் கடை மேஜைக்கு வந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய வீடியோ கேம் கேசட்.

"பேட்டரி சாகப் போகுது, மாத்தினா உள்ள இருக்கறது அழிஞ்சிடும்னான். விரலைப் பின்னாடி மடக்கிட்டேன்" என்றான் ஒத்தக்காது. வலது காது இருந்த இடத்தில் ஒரு சுருக்கம்தான் மிச்சம். அந்தப் பெயரை அவன் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் குறைவு.

"அவரு உண்மையத்தானே சொன்னாரு."

"உண்மைய வச்சு நான் என்ன பண்ண? எனக்கு என் தம்பி வேணும்."

தம்பியைப் பத்து நாளைக்கு முன் பஸ் நிலையத்தில் பதினோரு இடத்தில் குத்திக் கொன்றிருந்தார்கள். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போன காலத்தில், அண்ணன் தம்பி இருவருக்கும் உலகம் என்பது இந்தக் கேசட்தான். ஒன்பது வயதில் தம்பி விளையாடி நிறுத்திய இடம் அதற்குள் அப்படியே இருந்தது. பொட்டு அளவு பேட்டரி ஒன்று இத்தனை வருடமாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அழிஞ்சா?"

"அவனுக்கு மடக்கினேன். உனக்கு வெட்டுவேன். கையை நம்பிப் பொழைக்கிறவ, பார்த்துச் செய்."

அவள் கேசட்டின் மேல்மூடியைக் கழற்றினாள். பழைய பேட்டரியை எடுக்கும் முன்பே வெளியிலிருந்து மூன்று வோல்ட் கொடுத்துவிட்டால் எதுவும் அழியாது. இரண்டு பென்சில் செல், இரண்டு ஒயர். சிவப்பு ஒயர் ஈயத்தில் ஒட்டியது. கறுப்பு ஒட்டவில்லை, அந்தப் புள்ளியில் துரு. இடக்கையிலிருந்த இடுக்கியால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இந்தக் கை அசையக் கூடாது. தும்மினாக்கூடப் போச்சு."

"நான் தும்ம மாட்டேன்."

பழைய பேட்டரியைப் பெயர்த்தாள். அதே நேரம் மாடிப்படியில் தடதடவென்று இரண்டு ஜோடிக் கால்கள்.

முதலில் வந்தவன் அரிவாளை ஓங்கும் முன்பே, அலமாரியிலிருந்த பழைய டிவியை ஒத்தக்காது அவன் தலையில் இறக்கினான். கண்ணாடித் தூளோடு படியில் உருண்டவன் மறுபடி ஏறி வரவில்லை. அரிவாள் மட்டும் வாசலில் கிடந்தது. இரண்டாவது ஆள் தாடிக்காரன், அவசரப்படாதவன். ஒத்தக்காதின் வலது தோளில் கத்தியை இறக்கினான். உருவினான். மறுபடி இறக்கினான். மேஜை ஆடியது. அவள் இடுக்கி ஆடவில்லை.

"கையை எடுக்காத" என்று கத்தினான் ஒத்தக்காது. குத்து வாங்கியபடியே.

ஒரு சொட்டு ரத்தம் போர்டின் ஓரத்தில் தெறித்தது. அது பரவும் முன் வாயால் ஊதித் தள்ளினாள்.

தாடிக்காரன் அவனைத் தரையில் சாய்த்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். "உன் தம்பி இவ்வளவு நேரம் எடுத்துக்கலப்பா" என்றவன், மேஜைப் பக்கம் திரும்பினான். "நீ எங்கயும் போயிடாதம்மா. அடுத்து நீதான்."

ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் அவள் வலக்கையில் நானூறு டிகிரியில் இருந்தது. அவன் கழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை முழம். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாது.

இடுக்கியை விட்டாள்.

தோல் பொரிகிற சத்தத்துக்குப் பிறகுதான் அவன் அலறல் கேட்டது. கத்தி நழுவியது. ஒத்தக்காது நெற்றியால் இடித்த இடியில் தாடிக்காரனின் மூக்கு உள்ளே போனது. அவன் சரிந்ததுமே அவள் பாய்ந்து கறுப்பு ஒயரை மறுபடி அழுத்தினாள். புதிய பேட்டரியைப் பற்றவைத்து முடித்தபோது முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். இடக்கையில் அரிவாளோடு ஒத்தக்காது.

"விட்டுட்டியா?"

"மூணு செகண்டு."

"நான் உன்னைக் காப்பாத்தச் சொன்னனா?"

"உங்களைக் காப்பாத்தல. என்னைக் காப்பாத்திக்கிட்டேன்."

"கையை வை."

இடக்கையை மேஜையில் வைத்தாள். வலக்கையால் போர்டை, அவன் கொண்டுவந்திருந்த கேம் பெட்டியில் செருகினாள். "சில மெமரி சில்லு கரண்ட் இல்லாம மூணு செகண்டு தாங்கும்."

"சிலது?"

"பார்த்துட்டு வெட்டுங்க."

மேஜையோரத்திலிருந்த இன்னொரு டிவியில், சேமித்த ஆட்டங்களுக்கான இரண்டு வரிகள் வந்தன. முதல் வரி அண்ணனுக்கானது, காலி. இரண்டாவது வரியில் தம்பி பெயர் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். ஒரு கிணற்றடியில் கட்டைவிரல் உயரத்துப் போர்வீரன் வாளோடு நின்றான். கிணுகிணுவென்று பாட்டு ஆரம்பித்தது.

"கிணத்துல குதிக்கணும்."

இருவரும் திரும்பினார்கள். தரையில் கிடந்த தாடிக்காரன்தான் பேசினான். ரத்தக் குமிழிகளோடு, கண்ணைத் திறக்காமல். "சாக மாட்டான். கீழ வழி இருக்கு. நானும் எங்கண்ணனும் ஒரு லீவு பூரா தேடிக் கண்டு..."

ஒத்தக்காதின் குதிகால் அவன் வாயில் இறங்கியது. ஒரே மிதி. பல் ஒன்று மேஜைக் காலில் பட்டு நின்றது.

"எவனும் வழி சொல்ல வேண்டாம். அவன் அங்கயே நிக்கட்டும்."

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கேம் பெட்டியை அணைக்க இரண்டு கை வேண்டும். ரீசெட்டை அமுக்கியபடியே பவரை நிறுத்தாவிட்டால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். ஒத்தக்காதின் வலது கை தோளிலிருந்து துணி மாதிரி தொங்கியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு அரிவாளை அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"யம்மா, ரீசெட்டை நீ அமுக்கறியா? நான் ஆஃப் பண்றேன்."

கட்டைவிரலை வைத்தாள்.

"நல்லா அமுக்கு" என்றான்.