இருபது மின்னல்

பத்தொன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாளை மதியம் இரண்டு மணிக்குள் நான் ஏழு தலைகளை அலசி, சுருட்டி, கொண்டை போட்டு அனுப்பவேண்டும். ரொட்டிக்கடைக்காரர் மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. எங்கள் மரக்கைபோ ஊரில் கல்யாணத்தை நாலு பேரோடு முடித்துக்கொண்டாலும் கொள்வார்கள், பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாளை விடமாட்டார்கள். அன்றைக்குக் கோட்டை விட்டவள் இந்தத் தெருவில் மறுபடி சீப்பைத் தொடமுடியாது. என் பீப்பாய்களிலோ அடி வண்டல்தான் மிச்சம்.

தண்ணீர் லாரிக்கு எடுத்து வைத்த டாலர் எங்கே என்று கேட்டால், என் வீட்டுக்காரர் ஹெபெர்தோ கைபேசியை நீட்டினார். அதில் ‘மின்னல்’ என்று ஒரு டோக்கன், கைபேசியிலேயே வாங்கி விற்கிற இணையக் காசு. யாரோ நாலு பேர் கிளப்பிவிட, தெருவே வாங்கிக் குவித்திருந்தது. எங்கள் ஊர் ஏரிக்கு மேலே மழையில்லாமல் மின்னுமே, அதன் பெயரையே வைத்திருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

“நானூறு மின்னல் வச்சிருக்கோம், நெலிட்சா! காலைலேர்ந்து ரெண்டு மடங்கு ஏறிடுச்சு பாரு.”

“அப்ப வித்துட்டு டாலரக் கொண்டாங்க.”

“ஏர்ற நேரத்துல எவனாவது விப்பானா?”

“சரி, அதுல ஒரு தலைய அலசிக் காட்டுங்க, பாப்போம்.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. அவருடைய கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.

நேரியோவின் தண்ணீர் லாரி டயர் கிழிந்து, உபால்தோவின் டயர் கடை முன்னால் ஜாக்கியில் நின்றது. தொட்டி நிறையத் தண்ணீர்.

“நேரியோ அண்ணே, எனக்கு ரெண்டு பீப்பாய் ரொப்பிக் குடுங்க. இருபது மின்னல் தர்றேன்.”

“எம்மா, மின்னல மாட்டினா வண்டி ஓடுமா? எனக்கு டயர் வேணும். உபால்தோ அத வாங்கிக்கிட்டா நானும் வாங்கிக்கறேன்.”

உபால்தோ கையை விரித்தார். “அதக் குடுத்தா எவனும் எனக்கு டயர் தரமாட்டான். அத வச்சு நான் என்ன பண்றது?”

சட்டென்று எனக்கு அவருடைய மனைவி ஞாபகம் வந்தது. மைரோபிதான் ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு ஞானத்தாய், நாளைய விழாவில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியவள்.

“உங்க வீட்டம்மாவுக்கு நாளைக்குக் கொண்டை போடறது யாரு? நான். அதுக்குக் கூலி இருபது மின்னல். டாலர் வேணாம்.”

உபால்தோ கிரீஸ் கையால் தாடையைச் சொறிந்தார். “நாளைக்குப் பேச்சு மாற மாட்டியே?”

“உங்க பழைய டயர் பஞ்சராகும். என் பேச்சு ஆகாது.”

நேரியோ சிரித்துவிட்டார். இருபது மின்னல் என்னிடமிருந்து அவருக்குப் போனது, அவரிடமிருந்து உபால்தோவுக்கு. ஒரு பழைய டயர் லாரியில் ஏறியது. ஒரு மணி நேரத்தில் என் இரண்டு பீப்பாய்களும் ததும்பின. நான் முகத்தைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு அழுதேன்.

“நாளைக்கு நாலு மடங்கு ஆகப்போறத அள்ளிக் குடுத்துட்டியே!” என்று ஹெபெர்தோ வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்.

மறுநாள் ஐந்தாவது தலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் போட்ட சத்தத்தில் சீப்பு கைநழுவியது. மின்னல் விழுந்துவிட்டது. ஆறாவது தலை முடிவதற்குள் அதன் விலை அடிமட்டத்துக்கே வந்துவிட்டது. தெருவில் எல்லோரும் விற்கத் துடித்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. ஆறு பேரும் எனக்குக் கூலியை டாலராகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏழாவது தலை மைரோபியுடையது.

கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். “நெலிட்சா, எங்கிட்ட இருக்கறது இந்த இருபதுதான். வேணாம்னா சொல்லிடு, முக்காடு போட்டுட்டுப் போறேன்.”

அவளுக்குப் பின்னால் நின்று ஹெபெர்தோ வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நொடி ‘வேணாம்’ என்று நாக்கில் வந்துவிட்டது. அதற்காக வெட்கப்பட்டேன்.

“வந்து உக்காரு. தலைய சாய்.”

“செத்த காச வாங்கிக்கிட்டு யாராவது கொண்டை போடுவாங்களா?” என்று ஹெபெர்தோ கத்தினார்.

எனக்கும் ஆத்திரம் பொங்கியது. “இந்த இருபதுதான் டயர் மாட்டிச்சு, ரெண்டு பீப்பாய் தண்ணி கொண்டாந்துச்சு, இப்ப ஒரு கொண்டையும் போடப்போவுது. உங்க கையில இருந்த முந்நூத்தி எம்பதும் என்னத்தக் கிழிச்சுச்சு?”

அவர் கைபேசியைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். நான் குவளையை நீட்டினேன். கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு, மைரோபியின் தலையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.