காப்புறுதி கிடைக்காத நாடு

பொத்துவிலில் சிறுநீரக நோயாளர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றை, ஊராரைச் சேர்த்து ஒரு சபை அமைத்து றிஸ்வான்தான் முன்னின்று கட்டினான். இயந்திரங்களை ஐரோப்பியக் கம்பனி ஒன்று தவணைக் கடனுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தது. கடன் திரும்பாவிட்டால், கம்பனியின் நாட்டிலுள்ள ஏற்றுமதிக் காப்புறுதி நிறுவனம் கம்பனிக்கு ஈடு கொடுக்கும்.

அவனுடைய அவசரத்துக்குக் காரணம் தங்கச்சி சரீபா. சிறுநீரகம் பழுதான அவளைக் கிழமைக்கு இரண்டு தரம் காரில் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். திரும்பும்போது பின்சீற்றில் துணிமூட்டைபோலச் சுருண்டு கிடப்பாள்.

2022 சித்திரையில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு அறிவித்தது. சில நாட்களில் கம்பனியின் கொழும்பு முகவர் சப்ரி அழைத்தார்.

"காப்புறுதியை நிப்பாட்டிட்டாங்க றிஸ்வான். இனி மெஷின் ஏத்தமாட்டாங்க."

"அப்ப வேற நாட்டுக் கம்பனியப் பாப்பம்."

"கேட்டுப் பாத்திட்டன். இந்தக் காப்புறுதிக்காரர் எல்லாரும் ஒரே சங்கம். எந்த நாடு கடன் கட்டுது, எது கட்டல்ல எண்டு தங்களுக்குள்ள கதைச்சுக்குவாங்க. இப்ப இலங்கை எண்டா எல்லாக் கதவும் பூட்டு."

றிஸ்வான் விடவில்லை. சப்ரியை நச்சரித்து, காப்புறுதி நிறுவனத்துப் பெண் அதிகாரி ஒருத்தியோடு காணொளியில் பேசினான். அவள் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. "உங்கள் சபையில் குறையே இல்லை. உங்கள் நாட்டுக்கு இப்போது யாரும் பொறுப்பேற்பதில்லை," என்றாள். தங்கச்சியைப் பற்றிச் சொன்னான். அதிகாரி திரையிலிருந்து பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆனியில் பெற்றோல் இல்லாமற் போனது. றிஸ்வான் இரவு பகலாக வரிசையில் நின்றான்.

"இண்டைக்கு வாணாம் காக்கா. நீங்களும் விழுந்திருவீங்க," என்று அண்ணனைத் தடுத்தாள் சரீபா. இரத்தச் சுத்திகரிப்பு ஒரு முறை தவறியது. அடுத்ததும் தவறியது. கால்கள் வீங்கி மூச்சு முட்டியபோது, அயலவர்கள் மோட்டார்சைக்கிள்களிலிருந்து பெற்றோலைப் போத்தல் போத்தலாக எடுத்துத் தந்தார்கள்.

திருக்கோவிலைத் தாண்டும்போது, "தண்ணி," என்று கேட்டாள். அவளுக்குத் தண்ணீர் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"கல்முனைக்குப் போய்த் தாறன் தங்கச்சி."

அவள் மறுபடி கேட்கவில்லை. அக்கரைப்பற்றில் காரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். பிறகு கல்முனைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கும் மேலாகிச் சப்ரி அழைத்தார். கடன் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாம், காப்புறுதிக்காரர் மீண்டும் விண்ணப்பங்களைப் பார்க்கிறார்களாம். "திரும்பத் தொடங்குவமா?"

றிஸ்வான் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் அதைச் சொன்னான். முன்பு நிலையத்துக்காக ஓடித் திரிந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். பொறுப்பெடுக்க எவரும் முன்வரவில்லை. செய்தி கேட்டு அவன் வீட்டுக்கு வந்தவர் திருக்கோவில் அழகரெத்தினம் மட்டும்தான். அவருடைய மனைவிக்கும் இப்போது அதே சிறுநீரக வருத்தம்.

"இந்தமுறை கட்டாயம் வருமா தம்பி?"

"கட்டாயமெண்டு சொல்ல ஏலாது," என்றான் றிஸ்வான். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.