மரியாதையாகப் போட்ட மாத்திரைகள்

மூன்றாவது தடவை விதைத்த வெண்டையும் வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்ததும் நசீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருவெள்ளறைப் பக்கம் அவள் அம்மா வழியில் வந்த அரை ஏக்கர். எரு போட்டாயிற்று, விதையை மாற்றியாயிற்று. பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் நீளம்கூட இல்லை. போதாததற்கு வீட்டுக்காரர் அப்துல் சலாம், மண் செத்துவிட்டது, விற்றுத் தொலைக்கலாம் என்று ஒரு மாதமாக அவள் உயிரை வாங்கி, நாளைக்குப் புரோக்கரையும் வரச்சொல்லியிருந்தார்.

அன்று மோட்டாரும் தண்ணீர் இழுக்கவில்லை. மெக்கானிக் விக்டர் குழாயைத் தூக்கினால், அதன் அடிநுனி வலை முழுக்க அரபி எழுத்துப் போட்ட காலி மாத்திரை அட்டைகள். ஓரத்தில் இங்கிலீஷிலும் பெயர் இருந்தது, எல்லாம் ஆன்டிபயாட்டிக். கிணற்றில் கிடந்ததோ முழங்கால் தண்ணீர். வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்த மருந்து தண்ணீரில் கலந்தால் இலையில் பச்சை போகும், வேரும் குறுகும் என்றார்கள்.

மகன் ரஃபீக் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு மருந்துக்கடையையே கட்டிக்கொண்டு வருவான். காலாவதியானதை அப்துல் சலாம் எங்கேயோ எடுத்துப்போவார். மனுஷன் இந்த ஒரு வேலையாவது செய்கிறாரே என்று இவளும் கேட்காமல் விட்டிருந்தாள்.

கேட்டதும் அவர் கூசாமல் சொன்னார். அரபி எழுத்தைக் குப்பையில் போட்டால் யார் காலிலாவது படுமாம். கிழிந்த பழைய குர்ஆன் தாள்களை விடுவதுபோல மரியாதையாகக் கிணற்றில் விட்டாராம். தெருவில் நாலு வீட்டு அட்டைகளையும் கேட்டு வாங்கி வந்தாராம். அடடா, என்ன ஒரு பொதுச்சேவை!

“ஏங்க, எழுத்து அட்டையிலதானே இருக்கு? மாத்திரைய எதுக்குப் பிதுக்கிப் போட்டீங்க?”

“யாராவது எடுத்துத் தின்னுட்டா பாவமில்லையா.”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பது வருஷமாக இந்த நல்லவரோடுதான் மல்லுக்கட்டுகிறாள். விற்பனையை நிறுத்தச் சொன்னாள். கெட்ட கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் பிடித்த பிடியிலேயே நின்றார்.

“சரி, வித்துடுங்க. ஆனா கெணத்துல என்ன போட்டோம்னு வாங்குறவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்.”

பொய் மட்டும் அவருக்கு வராது. மறுநாள் காலை புரோக்கர் கூட்டிவந்த ஆளிடம், எந்தெந்த வீடு, எத்தனை பை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். வந்தவர் டீகூடக் குடிக்காமல் பைக்கைக் கிளப்பினார்.

நசீரா வாளியையும் கயிற்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கிணற்றுக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நசீரா, வெறும் அட்டைதான் இருக்கு. மாத்திரையெல்லாம் கரைஞ்சு போச்சே.”

“தெரியும். அதத்தான் மூணு தடவையும் வெண்டைக்குப் பாய்ச்சினேன்,” என்றாள்.